‘இப்ப முடியாது’ என்றவள் ‘வேணாம்’ என்றதாக…

ஆதி – பகவன் கதையை நம்மில் பலர் வள்ளுவரின் பிறப்புக் கதையாகத்தான் கேட்டிருக்கிறோம். எம்.ஏ. தமிழ் வகுப்பில் எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். பகவன் பார்ப்பான். ஆதி சேரியில் பிறந்தவள். பிறக்கிற பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே போட்டுவிட்டுத் தன் பின்னால் நடந்து வரவேண்டும் என்பது அவன் கட்டளை. ஏழு பிள்ளை பிறக்கிறது. அவள் ஒவ்வொரு முறையும் தயங்கி நிற்கிறாள். ஒவ்வொரு முறையும், ஈரம்கூடக் காயாத சிசு வாயைத் திறந்து வெண்பா பாடுகிறது. தன்னைக் காக்க ஆண்டவன் இருக்கிறான், நீ போ என்பது அதன் சாரம். அவள் போகிறாள். பிள்ளைகளை வண்ணாரும் பாணரும் குறவரும் அரசனும் அந்தணரும் என்று ஆளுக்கொருவர் எடுத்து வளர்க்கிறார்கள்.

இந்தக் கதையை அயோத்திதாசப் பண்டிதர் தம் ‘தமிழன்’ இதழில் மறுத்து எழுதினார். வள்ளுவரைச் சிறுமைப்படுத்தக் கட்டிய கதை என்பது அவர் கட்சி. அது வேறு விவாதம், இங்கே அதற்குள் போகவில்லை. என்னை உறுத்துவது அந்த வெண்பாக்கள். பிறந்த குழந்தை பேசாது என்பது பாடியவனுக்கும் தெரியும், கேட்டவனுக்கும் தெரியும். இருந்தாலும் குழந்தை வாயில் அந்தச் சம்மதத்தைத் திணிக்க வேண்டியிருந்தது. பிள்ளையே போகச் சொல்லிவிட்டது, அப்புறம் என்ன? ஆதி என்ன சொன்னாள் என்பது கதைக்குத் தேவைப்படவில்லை.

பிள்ளையையும் தாயையும் பிரிக்க நம் நாட்டில் எப்போதும் ஒரு பாட்டோ ஓலையோ பத்திரமோ வேண்டியிருந்திருக்கிறது. வெறுங்கையால் பிடுங்கினால் அதற்குப் பெயர் திருட்டு. எழுதிப் பிடுங்கினால் தர்மம். குன்னம் வட்டாரத்தில் தொட்டில் குழந்தைகள் பற்றிய வேலையில் சில ஆண்டுகள் அலைந்தபோது, இந்த எழுத்துகளின் வரலாறு ஒன்றை நாமே எழுதியாக வேண்டும் என்று தோன்றியது. இது அதன் தொடக்கம்தான்.

*

ஓலையிலிருந்து வருவோம். திருப்பாம்புரம் கோயிலில் கி.பி. 1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. பஞ்சத்தில் வாழ வழியில்லாத வேளாளர் ஒருவர் தன்னையும் தன் இரண்டு பெண்மக்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைச் சொல்கிறது அது. வேளாளருக்கே அந்தக் கதி என்றால் அவர் வயலில் கிடந்தவர்கள் கதி என்ன என்று கேட்கலாம். அவர்கள் தங்களை விற்றுக்கொள்ள அவசியமே இல்லை. அவர்கள் ஏற்கெனவே நிலத்தோடு சேர்ந்தவர்கள். நிலம் கைமாறினால் ஆளும் கைமாறினான், ஆளின் பிள்ளையும் கைமாறியது.

1658இல் டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தைப் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தஞ்சைச் சீமையில் போரும் பஞ்சமும் சேர்ந்து வந்தது. சனங்கள் கடற்கரைக்கு நடந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்களை வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் கப்பல் ஏற்றினார்கள். பிள்ளைகளும் அதில் அடக்கம். ‘பட்டினியில் சாவதைவிட இது மேல்’ என்கிற வாதம் அன்றைக்கே இருந்தது. வாங்குகிறவன்தான் அதைச் சொன்னான். அந்த வாதத்துக்கு இன்னும் வயசாகவில்லை, பின்னாலும் வருவான்.

1843இன் ஐந்தாவது சட்டம் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கியது. ஓலை போனது. படியாள், பண்ணையாள் என்ற பெயரில் ஆள் போகவில்லை. கடனுக்குப் பையனை மாடு மேய்க்க விட்ட குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் என் அப்பா காலம் வரைக்கும் உண்டு. ‘வளர்த்துக்கிறோம்’ என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போவார்களாம். வளர்ப்பு என்ற சொல்லுக்குள் இதுவும் இருக்கிறது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

*

இப்போது தத்து என்கிற சங்கதிக்கு வருவோம். தத்து, சுவீகாரம் இரண்டுமே வடமொழிச் சொற்கள். சொல் மட்டுமல்ல, பொருளும் நம்முடையதில்லை. சாஸ்திரப்படி தத்து என்பது ஆண்பிள்ளைக்கு மட்டும். பிண்டம் வைக்கவும் சொத்தை ஆளவும் ஒரு வாரிசு. அதே வர்ணத்தில்தான் எடுக்க வேண்டும். கொடுக்கிற உரிமை தகப்பனுக்கு. விதவை தத்தெடுக்கலாமா, யாரைக் கேட்டு எடுக்கலாம் என்று ராமநாதபுரம் ஜமீன் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1868இல் தீர்ப்பானது. ஆண் வாரிசு இல்லை என்று 1855இல் தஞ்சாவூர் அரசையே கும்பெனி விழுங்கியது. ஆக, தத்து என்பது குழந்தை இல்லாத சோகத்தின் கதையைவிட, நிலத்தின் கதை. எழுதிவைக்க ஒரு குழி மண்ணும் இல்லாத சேரிக்கு அந்தச் சொல்லால் என்ன ஆகப் போகிறது?

1956இல் வந்த இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் சாதி நிபந்தனையை விட்டது, பெண் குழந்தையையும் தத்தெடுக்கலாம் என்றது, பெண்ணும் தத்தெடுக்கலாம் என்றது. பெரிய மாற்றம்தான். ஆனால் பிள்ளையைத் தத்துக் கொடுக்கும் உரிமை, தகப்பன் உயிரோடு இருக்கும்வரை, அவனுக்குத்தான். தாயின் சம்மதம் வேண்டும், அவ்வளவே. தாய்க்கும் சம உரிமை என்று திருத்த 2010 ஆனது. 54 வருஷம்!

சேரியில் நடந்தது வேறு. அதற்குப் பெயர் ‘எடுத்து வளக்கிறது’. எங்க அப்பாயி தன் பிள்ளைகளோடு இன்னொரு பெண்பிள்ளையையும் வளர்த்தது. அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அப்பாயியோடு தஞ்சாவூர்ப் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். டி.பி. வந்து படுத்துவிட்டாள். ‘தேறுற வரைக்கும் வச்சுக்க அக்கா’ என்று விட்டுப் போனாள். மூன்று வருஷம் கழித்துத் தேறி வந்து கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளை போனது, நாலு நாளில் திரும்பி ஓடிவந்தது, மறுபடி போனது. கடைசிவரை இரண்டு வீட்டிலும் மாறி மாறிச் சாப்பிட்டது. கல்யாணத்தில் இரண்டு பேரும் அம்மா இடத்தில் நின்றார்கள். எனக்கு அது அத்தை. எந்தக் காகிதமும் கிடையாது.

இதை நான் பொற்காலமாகச் சொல்லவில்லை. அந்த அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. ஆடு மேய்த்தது. அப்பாயியின் சொந்தப் பிள்ளைகளில் இரண்டு பேர் படித்தார்கள். கணக்கு இருக்கத்தான் செய்தது. நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ‘இப்ப முடியாது’ என்று ஒரு தாய் சொன்னால், அதை ‘இப்ப முடியாது’ என்றே கேட்கிற காது அங்கே இருந்தது.

*

1992இல் ஜெயலலிதா ஆட்சியில் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 1986இலேயே உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் சிசுக்கொலை பற்றிப் பத்திரிகைகள் எழுதி, நாடு முழுவதும் அதிர்ச்சி ஆகியிருந்தது. கொல்ல வேண்டாம், தொட்டிலில் போடுங்கள், அரசு வளர்க்கும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்றது திட்டம். 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி என்று விரிந்தது. உயிர் பிழைத்த குழந்தைகள் பிழைத்தவைதான். அதை மறுப்பவர் யாரும் இருக்க முடியாது.

நம் பக்கத்துக்கு அது வந்தது 2011இல். அந்த வருஷக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் தமிழகம் முழுவதும் 943. கடலூரில் 896, அரியலூரில் 897, பெரம்பலூரில் 913. உடனே கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலையோடு அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் தொட்டில் வந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இந்த எண் எப்படி விழுந்தது? பிறந்த பிள்ளையைக் கொன்றதால் மட்டுமா? ஊருக்கு ஊர் ஸ்கேன் மிஷின் வந்துவிட்டிருந்தது. பாலினத்தைச் சொல்லக் கூடாது என்று 1994இலேயே சட்டம் உண்டு. காசு உள்ளவன் காரில் போய்ப் பார்த்துக்கொண்டான். நிலம், சீர், நகை என்று கணக்குப் போடுகிற வீடுகளில் பெண் பிள்ளை பிறக்கும் முன்னாலேயே இல்லாமல் போனது. அதற்குத் தொட்டில் மருந்தில்லை. ஸ்கேன் சென்டரைப் பூட்டுவதுதான் மருந்து. அதைச் சரியாகச் செய்யாமல் ஆஸ்பத்திரி வாசலில் தொட்டிலை வைத்தால், அதில் வந்து விழுவது ஸ்கேன் பார்க்கக்கூடக் காசில்லாதவளின் பிள்ளை. நோய் ஒருத்தனுக்கு, ஊசி இன்னொருத்திக்கு. வரதட்சணை இப்போது நம் தெருவுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதைப் பேசாமல் மற்றவனை மட்டும் பேசுவது யோக்கியமில்லை.

2016 வாக்கில் குன்னத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணைச் சந்தித்தேன். ஊரும் பேரும் வேண்டாம். மூன்றாவதும் பெண். ஏழு மாசத்தில் புருஷன் செத்துப்போனான். பருத்தி எடுக்கிற கூலியில் இரண்டு பிள்ளைக்கே கஞ்சி காணவில்லை. பிரசவம் ஆன இடத்தில், ‘தொட்டில்ல போட்டுடும்மா, நல்ல எடத்துல வளரும்’ என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். எட்டாவது படித்தவள், எழுத்துக் கூட்டத் தெரியும். ‘படிச்சுப் பாக்கலியா?’ என்று கேட்டேன்.

‘பால் கட்டிக்கிட்டுக் காய்ச்சல்ல கெடந்தேன் அக்கா. என்னத்தப் படிக்கிறது. நான் வேணாம்னு சொல்லல. இப்ப முடியாதுன்னுதான் சொன்னேன்.’

ஐந்தாவது மாசம் கையில் கொஞ்சம் கூலி சேர்ந்ததும், தம்பி கூட இருக்கிறேன் என்று சொன்னதும், பிள்ளையைக் கேட்டுப் போயிருக்கிறாள். காலம் கடந்துவிட்டது என்றார்கள். என்ன காலம்? 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பிள்ளையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாறித் திரும்பக் கேட்க 60 நாள் உண்டு. குழந்தைகள் நலக்குழு முன்னால் அது விளக்கிச் சொல்லப்பட வேண்டும், ஆலோசனை தரப்பட வேண்டும். 60 நாள் என்பது அவளுக்கு நான் சொல்லித்தான் தெரியும். பிறகு அவளோடு நானும் அந்த அலுவலகப் படி ஏறினேன். கோப்பைக் காட்ட முடியாது என்றார் அங்கிருந்தவர். அந்தத் தாளின் வாசகத்தை மட்டும் வாசித்துக் காட்டினார். குழந்தையை வளர்க்க விருப்பமில்லை என்று இருந்தது. அச்சடித்த வரி. கீழே அவள் கையெழுத்து.

அச்சடித்த வரி என்பதுதான் விஷயம். ‘இப்ப முடியாது’ என்று நிரப்ப அந்தத் தாளில் இடமே இல்லை.

*

காகிதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சென்னையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் பெண்ணின் கதையில் கையெழுத்தாவது அவளுடையது. சென்னையில் அதுவும் இல்லை.

2005இல் சென்னைப் போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. குடிசைப் பகுதிகளிலிருந்தும் நடைபாதைகளிலிருந்தும் குழந்தைகளைத் தூக்கி, திருவேற்காட்டில் இயங்கிய மலேசியன் சோஷியல் சர்வீசஸ் என்ற தத்து நிறுவனத்துக்கு விற்றதாக வழக்கு. அந்த நிறுவனம் 1991 முதல் 2003 வரை குறைந்தது 165 குழந்தைகளை வெளிநாடுகளுக்குத் தத்து அனுப்பியதாகப் போலீஸ் ஆவணங்கள் சொல்கின்றன. அமெரிக்கா, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா. எல்லாமே திருட்டுக் குழந்தைகள் என்று சொல்ல முடியாது. எது எது என்று பிரித்துப் பார்க்கவும் எளிதில் முடியாது, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காகிதம் ஒழுங்காக இருந்தது. வழக்கு பின்னர் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சி.பி.ஐ.க்குப் போனது.

1998இல் வடசென்னையில் வீட்டுப் பக்கத்திலிருந்து தூக்கப்பட்ட இரண்டு வயதுப் பெண் குழந்தை ஆஸ்திரேலியாவில் இருப்பதாகத் தடம் கிடைத்தது. 1999 பிப்ரவரியில் புளியந்தோப்புக் குழாயடியிலிருந்து காணாமல் போன, இரண்டு வயது நிறையாத பையன் அமெரிக்கா போயிருந்தான். அவனுக்கு வேறு பெயர் வைத்து, இல்லாத தாய் ஒருத்தியின் பெயரில் ஒப்படைப்புப் பத்திரம் தயாராகியிருந்தது. பெற்ற தகப்பன் வருஷக்கணக்காகப் பிள்ளையைத் தேடி, இருந்ததை விற்றுத் தீர்த்தார். அதே வருஷம் அக்டோபரில் நடைபாதையில் தாயின் பக்கத்தில் தூங்கிய இன்னொரு பையன் நெதர்லாந்தில் வளர்ந்தான்.

அந்தக் குடும்பங்களின் சாதியை நான் தேடவில்லை. புளியந்தோப்பு என்ற பெயரே நம் வாசகர்களுக்குப் போதும். 1921 பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்த இடம். எம்.சி. ராஜா குரல் கொடுத்த இடம். அங்கே பிள்ளை காணாமல் போனால் ஸ்டேஷனில் என்ன மரியாதை கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆறு வருஷம் கழித்துப் போலீஸே சொல்லித்தான் பெற்றவர்களுக்குத் தெரிந்தது.

நெதர்லாந்துப் பையனின் பெற்றோர் 2010இல் அந்த நாட்டுக்கே போய் நீதிமன்றத்தில் டி.என்.ஏ. சோதனை கேட்டார்கள். நீதிமன்றம் உத்தரவிட மறுத்தது. பையனுக்கு அப்போது 12 வயது இருக்கும். தமிழ் தெரியாது. அவனுக்கு அதுதான் வீடு, அவர்கள்தான் அப்பா அம்மா.

இந்த இடத்தில்தான் நம் தோழர்களோடு எனக்குச் சண்டை வருகிறது. ‘திருட்டுச் சொத்து, திருப்பிக் கொடு’ என்கிறார்கள் சிலர். பிள்ளை சொத்தா? பத்து வருஷம் ஒரு மடியில் வளர்ந்த குழந்தையைப் பிடுங்கி இன்னொரு மடியில் வைப்பது, முதலில் நடந்ததையே இரண்டாவது தடவை செய்வது. அதை நான் ஒப்ப மாட்டேன். ஆனால், ‘குழந்தையின் நலன்’ என்று சொல்லி, பெற்றவள் யார் என்று கேட்கிற சோதனைக்கே கதவை அடைப்பது வேறு. அங்கே காப்பாற்றப்படுவது குழந்தையின் நலனா, பத்திரத்தின் மானமா? வீட்டை மாற்றாமலே உண்மையைச் சொல்லலாம். எங்க அத்தைக்கு இரண்டு அம்மா இருந்ததில் யாருக்கும் எதுவும் குறைந்துவிடவில்லை.

நெதர்லாந்தில் பின்னால் ஒரு விசாரணைக் குழு அமைந்து, இலங்கை, வங்கதேசம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்த தத்துகளில் நடந்த முறைகேடுகளை அரசு கண்டும் காணாமல் இருந்தது என்று 2021இல் அறிக்கை தந்தது. வெளிநாட்டுத் தத்தையே படிப்படியாக நிறுத்துவதாக 2024இல் அந்த அரசு முடிவெடுத்தது. நம் ஊரில்? 2019இல் ராசிபுரத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் குழந்தைக்கு விலை பேசும் ஒலிப்பதிவு ஊரெல்லாம் கேட்டது. கொல்லிமலைக் குழந்தைகள் வரை விசாரணை போனது. 2021இல் மதுரையில் ஒரு காப்பகம் குழந்தையை விற்றுவிட்டு, கொரோனாவில் இறந்ததாகக் கணக்குக் காட்டியது. நாலு நாள் செய்தி.

*

சட்டத்தைப் பொத்தாம் பொதுவாகத் திட்டுவது சுலபம். உண்மையில் சட்டப் புத்தகத்தில் நல்ல வரிகள் நிறைய உண்டு. வெளிநாட்டுத் தத்து முறைகேடு பற்றி லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று 1984இல் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையை அதன் குடும்பத்தோடு திரும்பச் சேர்ப்பதே முதல் வேலை, இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்கிறது. வறுமை ஒன்றையே காரணமாக்கிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டுதல் சொல்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளையைக் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில் 2,000 ரூபாய். பெற்றோரில் ஒருவரை இழந்து, இருப்பவராலும் பராமரிக்க முடியாத குழந்தைகளும் அதில் அடக்கம்.

எங்கள் பெண் கேட்டது இதைத்தான். தொட்டிலைக் காட்டியவர்கள் இப்படி ஒரு தொகைக்கான விண்ணப்பத்தைக் காட்டவில்லை. தொட்டில் ஆஸ்பத்திரி வாசலில் இருக்கிறது, விண்ணப்பம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது.

இரண்டுக்கும் நடுவில் ‘வளர்ப்புப் பராமரிப்பு’ என்று ஒன்று சட்டத்தில் உண்டு. தற்காலிகமாக வேறொரு குடும்பம் பிள்ளையை வைத்திருக்கும், பெற்ற குடும்பம் தேறியதும் பிள்ளை திரும்பும். அதாவது ‘இப்ப முடியாது’ என்பதற்காகவே உண்டாக்கிய ஏற்பாடு. எங்க அப்பாயி காகிதம் இல்லாமல் செய்தது. இதைப் பெரிதாக வளர்த்திருக்க வேண்டும். 2024இல் புதுக்கிய வழிகாட்டுதல் என்ன செய்தது? இரண்டு வருஷம் பிள்ளையை வைத்திருந்த வளர்ப்புக் குடும்பம் அந்தப் பிள்ளையையே தத்தெடுக்கலாம் என்றது. முன்பு ஐந்து வருஷம். பெற்றவர்களே இல்லாத, கேட்பாரில்லாத பெரிய பிள்ளைகளுக்கு இது நல்லதுதான், மறுக்கவில்லை. வருஷக்கணக்காக இல்லத்தில் கிடக்கிற பத்து வயதுப் பையனை யாரும் தத்தெடுக்க வருவதில்லை. ஆனால் பெற்றவள் இருக்கிற பிள்ளைக்கு? திருப்பிக் கொடுக்க வேண்டியவரும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவரும் ஒரே ஆள் ஆகிவிடுகிறார். பிள்ளை திரும்பிப் போகாமல் இருப்பதில் அவருக்கு ஓர் ஆதாயம் வந்துவிடுகிறது. பெற்றவள் மாசம் ஒரு தடவை பார்க்க வரும்போது அவர் கதவைத் திறக்கிற விதமே மாறிவிடும். அமெரிக்காவில் 1997இல் ஒரு சட்டம் வந்தது. கடந்த 22 மாதத்தில் 15 மாதம் பிள்ளை வெளிப் பராமரிப்பில் இருந்தால், பெற்றோர் உரிமையை முடித்துவைக்க அரசு பொதுவாக மனுப்போட வேண்டும் என்கிறது. சிறைக்குப் போன, வீடில்லாத, சிகிச்சையில் இருந்த தாய்மாருக்கு அந்தக் கடிகாரம் வேகமாக ஓடியது. அதில் கறுப்பினத் தாய்மார் எத்தனை என்பது அங்கே தீராத விவாதம்.

அங்குள்ள செவ்விந்தியப் பழங்குடிகள் ஒரு படி மேலே போய்ப் போராடினார்கள். அவர்களின் பிள்ளைகளில் 25 முதல் 35 சதவீதம் பேர் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததை ஆய்வுகள் காட்டின. 1978இல் தனிச் சட்டம் வந்தது: அந்தப் பிள்ளைக்கு இடம் தேடும்போது முதலில் சொந்தக்காரர், பிறகு அதே இனக்குழு, பிறகுதான் மற்றவர். 2023இல் அந்தச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆஸ்திரேலியாவில் தலைமுறை தலைமுறையாகப் பழங்குடிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு போனதற்கு 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

நாமும் அப்படிக் கேட்கலாமா? தலித் குழந்தை தலித் வீட்டுக்கே என்று? என்னால் முடியவில்லை. பழங்குடிக்கு அது தேசம், மொழி, நிலம். நமக்குச் சாதி என்பது மேலேயிருந்து சுமத்தியது. ‘அதே வர்ணத்தில் எடு’ என்ற சாஸ்திரத்தைக் கொல்லைப்புறமாகக் கூட்டிவர நாம் ஏன் துணை போக வேண்டும்? சேரியில் பிறந்த குழந்தை எந்த வீட்டிலும் வளரட்டும், அம்பேத்கர் கேட்ட சாதி ஒழிப்பில் அதுவும் ஒரு மூலை. ஆனால் நடப்பது ஒழிப்பா, மறைப்பா? தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலைப் பாருங்கள். சாதிப் பெயர்களுக்கு நடுவில், பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, கேட்பாரின்றி அரசு இல்லங்களிலோ அரசு ஏற்ற இல்லங்களிலோ சேர்ந்த ஆதரவற்ற குழந்தைகளும் ஓர் இனமாக இருக்கிறார்கள். அனாதை என்பது நம் மாநிலத்தில் ஒரு சாதி! அந்தப் பிள்ளைகளுக்குச் சலுகை கிடைக்கட்டும், நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் உயிரோடு இருக்கிற சேரித் தாயின் பிள்ளை, காகிதத்தில் தாயைத் தொலைத்து இல்லத்தில் வளர்ந்தால், இந்தக் கூண்டுக்குள்தான் போய் விழும். அதன் சாதி ஒழியவில்லை, அதன் அம்மாதான் ஒழிந்தாள். எங்கிருந்து வந்தோம் என்று தெரிந்தவன் சாதியை உதறினால் அது விடுதலை. தெரியாமலே துடைத்துவிடுவது வேறொன்று.

*

தத்துப்போன பிள்ளை வளர்ந்ததும் தன் வேரைத் தேட விதிகளில் வழி உண்டு. 18 வயதானால் தானே விண்ணப்பிக்கலாம். பெற்றவர்களின் அந்தரங்கத்துக்குப் பங்கம் வராமல் தகவல் தருவார்கள். பெற்றவள் பிள்ளையைத் தேட வழி கிடையாது. அவள் கையெழுத்துப் போட்டவள்.

எங்கள் பெண்ணிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் பேசவில்லை. பிறகு, ‘அது தேடி வந்தா நான் என்ன சொன்னேன்னு யாரு அக்கா சொல்லுவா? அந்தத் தாள்தானே சொல்லும்?’ என்று கேட்டாள். அந்தத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு தாள் வைக்க வேண்டும் என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு பக்கம்கூட வரவில்லை. அக்கா இரண்டு பேரின் பெயர், என்ன கிழமை பிறந்தது, எத்தனை நாள் பால் கொடுத்தாள், ஊருக்கு எந்த பஸ் வரும். நடுவில் அந்த வாசகம். அதை மட்டும் நான் திருத்தமான தமிழில் எழுதப் போக, ‘நான் சொன்ன மாதிரியே எழுது’ என்று நிறுத்தினாள்.

இப்படிக் கடிதம் வாங்கிக் கோப்பில் வைக்கிற நடைமுறை இல்லை என்றார்கள். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு நேரிலும் போய் நின்றோம். நகலில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை குத்தி, தேதி போட்டுக் கொடுத்தார்கள். கடிதம் கோப்புக்குள் போனதா என்று கேட்டால் பதில் இல்லை. அந்த நகலை அவள் ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருக்கிறாள். இன்னும் எட்டு ஒன்பது வருஷம் இருக்கிறது.